ஒரு வரிசைக்கு மட்டும் இடமுள்ள மேஜை

செல்வமேரி அக்கா வீட்டில் யாருக்கு டீ கொடுத்தாலும் பிடி இல்லாத வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில்தான் வரும். குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நீலப் பெயின்ட்டில் ஒரு பொட்டு இருக்கும். சர்ச்சிலிருந்து வரும் பங்குச் சாமியாருக்கும் அதே கிண்ணம்தான், கேபிள் டிவி பணம் வாங்க வருகிறவருக்கும் அதே கிண்ணம்தான். பொட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் அக்கா சிரிக்காமல் சொல்வார்: "கம்பெனி எனக்குக் குடுத்த சீதனம்."

பிறகு தன் கிண்ணத்தை எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். சர்ரென்று காற்றும் டீயும் சேர்ந்து உள்ளே போகும் அந்தச் சத்தம் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது.

எங்கள் தெரு பெருங்களத்தூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. அந்தத் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். பி.எஸ்சி. வேதியியல். வாங்கிய பிறகு என்ன செய்வது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. இன்டர்வியூவுக்குப் போவேன், வருவேன். கடைசியில் செல்வமேரி அக்காதான் தன் கம்பெனி ஆபீசில் போன் எடுக்கவும் ஃபேக்ஸ் அனுப்பவும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதனால்தான் நான் சொல்லப்போகும் நாளில் அந்த அறையில் இருந்தேன். இல்லாவிட்டால் இதை நம்பியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு பெரிய கிடங்கு. அதில்தான் பத்ரிநாராயணன் சாரின் தேயிலைக் கம்பெனி நடந்தது. குன்னூரிலிருந்து மூட்டைகள் லாரியில் வரும். இங்கே கலந்து, பெட்டி கட்டி, கப்பலுக்குப் போகும். பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது: எந்தச் சரக்கை வாங்குவதானாலும் மூன்று பேர் ருசி பார்த்து, மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அதில் ஓர் இடம் காலியானபோது முதலாளி பேக்கிங்கில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார். மூன்று கிண்ணம் வைத்தார்கள். இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. வேறு எது என்று சொல்ல வேண்டும். அக்கா ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார்.

இதில் வித்தை ஒன்றும் இல்லை என்பது அக்காவின் கட்சி. "அன்னிக்கு எல்லார்க்கும் சளி. எனக்கு மூக்கு அடைக்கல. அவ்ளோதான்."

மேஜையில் கிண்ணங்களை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூனோடு நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஒரு ஸ்பூன் மொண்டு, நாக்கு முழுவதும் தெளித்து மூக்கு வரை ஏறும்படி சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்ப வேண்டும். ஸ்பூனை வெந்நீரில் முக்கிவிட்டு அடுத்த கிண்ணம். ஒருவர் ஸ்பூன் போட்ட கிண்ணத்தில்தான் அடுத்தவரும் ஸ்பூன் போடுவார். எச்சில் பார்த்தால் இந்தத் தொழில் நடக்காது.

அக்காவின் அம்மா எல்லம்மாவுக்கு அந்தத் துப்புவதுதான் பெரிய கவலை.

"பொம்பளப் புள்ள ஆம்பளைங்க நடுவுல நின்னுகினு காறித் துப்புறா. எவன்டி ஒன்ன கட்டுவான்?"

"துப்புனாதான் சம்பளம். முழுங்கினா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க, தெரிஞ்சிக்கோ."

பெண் பார்க்கக் கோவிலம்பாக்கத்திலிருந்து தாவீது வீட்டார் வந்தார்கள். தாவீது வெல்டர். அவருடைய அத்தை, பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார். எல்லம்மா பதில் தேடிக்கொண்டிருந்தபோது அக்காவே சொல்லிவிட்டார். "டீ குடிச்சித் துப்புற வேலை." அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். தாவீது மட்டும், "எப்டி, ஒரு தபா காட்டு," என்றாராம். அக்கா காட்டினார். தாவீது சிரித்த சிரிப்பில் கல்யாணம் முடிவானது என்பது எங்கள் தெருக் கதை.

ஆக, அந்த மேஜையில் அக்கா நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். தலைமைச் சுவைஞர் யக்ஞநாராயணன் சார், பூணூல் போட்ட, வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். ஆனால் மேஜைக்கு வந்துவிட்டால் அக்கா ஸ்பூன் போட்ட கிண்ணத்தில் தன் ஸ்பூனைப் போட யோசிக்கமாட்டார். வெந்நீர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது அவர் தனக்குத்தானே செய்துகொண்டிருந்த ஏற்பாடு.

சம்பத் வந்த பிறகுதான் தகராறு. கிடங்கு நின்ற நிலம் சம்பத்தின் அப்பாவுடையது. அந்தக் குடும்பம் பின்னாளில் கம்பெனியில் பங்கு சேர்ந்தது. மூன்றாவது சுவைஞர் கொச்சிக்குப் போனதும் சம்பத் அந்த இடத்துக்கு வந்தார். தொழிலைக் கற்றுக்கொள்ள ஆர்வமாகத்தான் வந்தார். மேஜைக்கு எதிரே நிற்பது யார் என்று பார்த்தார். சவுரிமுத்துவின் மகள். சவுரிமுத்து அவர்கள் வயலில் வேலை செய்தவர்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அக்கா அறைக்குள் போனபோது மேஜையில் இரண்டு வரிசை இருந்தது. நடுவில் வழக்கமான வரிசை. ஜன்னல் ஓரமாக, கொஞ்சம் இடம் விட்டு, இன்னொரு வரிசை. அதற்குத் தனி ஸ்பூன், தனி வெந்நீர், தனித் தொட்டி. கிண்ணம் கழுவும் செல்லியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு துடைத்த கிண்ணத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குக்கா?"

"ஒனக்குத்தாம்மே. சம்பத் சார் சொல்லிச்சு. கழுவும்போது மாறிடக் கூடாதாம், பொட்டு வெச்சி குடுத்துகீது."

அக்கா ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். நீலப் பொட்டு.

சம்பத் வந்ததும் அக்கா நேராகவே கேட்டார். அவர் நேராகப் பார்க்காமல் பதில் சொன்னார். "ஹைஜீன்மா. இப்பல்லாம் ஆஸ்பத்திரில பாரு, ஆளுக்கு ஒரு ஊசி. அந்த மாதிரிதான். தப்பா எடுத்துக்காத."

"தப்பா எடுத்துக்கல சார். ஆளுக்கு ஒண்ணுன்னா மூணு வரிசை இருக்கணும். ரெண்டு தானே கீது."

சம்பத் மணிக்கட்டைப் பார்த்தார். யக்ஞநாராயணன் சார் ஏதோ ஞாபகம் வந்தவர்போல அறையைவிட்டு வெளியே போனார்.

அன்று அக்கா சண்டை போடவில்லை. ஜன்னல் ஓரம் போய் நின்றார். எல்லாக் கிண்ணத்திலும் ஸ்பூன் போட்டு, உறிஞ்சி, துப்பினார். நடுவரிசையில் மற்ற இருவரும் இந்த டீ கெட்டி, அந்த டீக்கு வாசனை போதாது என்று பேசி முடித்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்கள்.

"வேற," என்றார் அக்கா.

"எது வேற?"

"நீங்க குடிச்சது வேற. நா குடிச்சது வேற. ஒண்ணோட ஒண்ணு எப்டி சேத்துச் சொல்றது?"

"ஒரே மூட்டைல எடுத்த இலை, ஒரே கெட்டில் ஜலம்," என்றார் யக்ஞநாராயணன் சார்.

"ஒரே கிண்ணம் இல்லியே சார்."

மறுநாளும் "வேற". அதற்கடுத்த நாளும் "வேற". மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் சரக்கு வாங்கலாம் என்ற முதலாளியின் வழக்கம் அப்படியே நின்றது. மூட்டைகள் குன்னூரிலேயே நின்றன.

நான் அந்த நாட்களில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். படித்தவன் அல்லவா, அக்காவுக்கு எடுத்துச் சொல்லப் பார்த்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் நின்றபடி, "அக்கா, கெமிஸ்ட்ரிப்படி பாத்தா ரெண்டு கிண்ணத்துக்கும் வித்தியாசம் இருக்க வாய்ப்பே இல்ல. அவர் சொல்ற மாதிரி நெஜமாவே சுத்தத்துக்காக இருந்தா?" என்றேன்.

"சுத்தம்னா எல்லார்க்கும் வெக்கணும். எனக்கு மட்டும் வெச்சா அதுக்குப் பேரு சுத்தம் இல்ல. ஒன் கெமிஸ்ட்ரில அதுக்கு இன்னா பேரு?"

மின்சார ரயில் போய், கேட் திறந்தது. இன்னும் அந்தப் பாடத்தில் நான் தேறவில்லை.

வீட்டில் எல்லம்மா புலம்பினார். தனியாக வைத்தாலும் அதே டீ, அதே சம்பளம், எதற்கு இந்தப் பேஜார் என்று. சவுரிமுத்து வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் மகளிடம், "அந்த மேஜை எந்தப் பக்கம் போட்டுகீது?" என்று கேட்டார்.

"தெக்கு ஜன்னலாண்ட, நைனா."

"கிடங்கு கட்டறதுக்கு முன்னாடி அங்கதான் அவங்க களம். தண்ணிப் பானை அங்கதான் இருந்துச்சு. நாங்க குந்திகினு ரெண்டு கையும் சேத்து நீட்டுவோம், மேலேந்து ஊத்துவாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்ரிநாராயணன் சார் கெட்டவர் இல்லை. தொந்தரவு பிடிக்காதவர், அவ்வளவுதான். ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஆர்டர் அந்த நாடு உடைந்ததோடு நின்றுபோயிருந்தது. நிலம் சம்பத் வீட்டுடையது. அவர் அக்காவைக் கூப்பிட்டார். நான் பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"செல்வமேரி, இந்த வாரத்துக்குள்ள ஒரு முடிவுக்கு வா. இருக்கற வரிசைல நின்னு வாயத் திறந்து சொல்லு. இல்லேன்னா பேக்கிங்குக்கே போயிடு. சம்பளத்துல நான் கை வைக்கல."

"பேக்கிங் ஒண்ணும் கேவலம் இல்ல சார். அங்கேருந்துதான் வந்தேன். ஆனா நானா போவமாட்டேன். நீங்க அனுப்புங்க. எதுக்கு அனுப்புறீங்கன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டு அனுப்புங்க."

முதலாளி பெருமூச்சு விட்டார். "வாரக் கடைசி வரைக்கும் பாக்கலாம்."

வாரக் கடைசிக்கு முன்னால் ஹாங்காங்கிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அங்கே ஒரு ஏஜென்ட், நீலகிரி இலையில் புதுவகை டீ செய்து தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாதிரிக்காக இரண்டு வகை அனுப்பியிருந்தார். அவற்றோடு எங்களுக்குச் சரக்கு அனுப்பும் குன்னூர்த் தொழிற்சாலையின் கறுப்புத் தேயிலையையும் வைத்துப் பார்த்து, எது நம்மால் முடியும் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். ரஷ்ய ஆர்டர் போன இடத்தில் இதாவது வருமா என்று கம்பெனி முழுக்க எதிர்பார்ப்பு.

முதல் பொட்டலத்தில் ஊலாங். பச்சைத் தேயிலைக்கும் கறுப்புக்கும் நடுவில், பாதிப் பக்குவத்தில் நிறுத்திய இலை. ஒவ்வொரு இலையும் இறுக்கிச் சுருட்டி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக இருந்தது. இன்னொன்றில் செங்கல் துண்டு மாதிரி ஒரு கட்டி. புளிக்க வைத்து, அழுத்தி, பல வருடம் கிடங்கில் போட்டு எடுக்கும் கருந்தேயிலையாம். செல்லியம்மாள் முகர்ந்து பார்த்து, "மழைல நனைஞ்ச கோணி," என்றார்.

எல்லாம் துளித்துளிப் பொட்டலம். ஒரு தடவை ஊற்றத்தான் இலை இருந்தது. கறுப்பும் மலையிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம்தான் வந்திருந்தது. இரண்டு வரிசைக்கு இலை கிடையாது.

"அப்ப செல்வமேரி இன்னைக்கு வேண்டாம்," என்றார் சம்பத்.

"மூணு பேர் பாக்கணும்," என்றார் முதலாளி. அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சம்பத் யோசித்தார். "அந்த ஏஜென்ட் போன்ல என்ன சொன்னான்? சட்டுனு ஊத்தி சட்டுனு எடுத்துடணும், அதே எலைல ரெண்டு மூணு தடவை ஊத்தலாம்னுதானே? நாங்க மொதல்ல பாத்துடறோம். அப்புறம் அதே எலைல இன்னொரு தடவை ஊத்தி அந்தப் பக்கம் வெச்சிடுங்க."

ஒரு தரம் இறக்கிய இலையில் மறுபடி ஊற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். சக்கைத் தண்ணீர். எங்கள் வீடுகளில் மாசக் கடைசியில் செய்வது. விருந்தாளிக்குத் தரமாட்டோம்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன். போவதைக் கோபம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நின்றார்.

செல்லியம்மாள் ஊற்றினார். சட்டென்று வடித்து நடுவரிசைக் கிண்ணங்களில் விட்டார். சம்பத்தும் யக்ஞநாராயணன் சாரும் ஸ்பூன் போட்டார்கள். முதலாளியும் வந்து பார்த்தார்.

கறுப்பு நன்றாக இருந்தது என்றார்கள். நல்ல நிறம், நாக்கைச் சுண்டும் தெம்பு. ஊலாங் கிண்ணத்தில் இருந்தது ஏறக்குறைய வெந்நீர்.

"இதுக்கா இவ்ளோ வெலை?" என்றார் சம்பத். "அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி கீது."

கருந்தேயிலையை வாயில் வைத்ததும் யக்ஞநாராயணன் சார் அவசரமாகத் துப்பினார். "தூசி. பூசணம். இது கெட்டுப்போன சரக்கு."

"ரெண்டும் வேண்டாம்னு அடிச்சிடலாமா?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் பேனாவை எடுத்தேன்.

"இருங்க சார், மூணாவது ஆள் இன்னும் பாக்கல," என்றார் அக்கா.

செல்லியம்மாள் அதே இலைகளில் மறுபடி வெந்நீர் விட்டார். வடித்து, பொட்டு வைத்த கிண்ணங்களில் ஊற்றி, ஜன்னல் ஓரமாக வைத்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு வாசனை கிளம்பியது. இவ்வளவு நேரம் அந்த அறையில் இல்லாத வாசனை. பூவா, நெய்யில் எதையோ வறுத்ததா என்று சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்தாற்போல் இருந்தது.

அக்கா கறுப்பை உறிஞ்சினார், துப்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஊலாங்கை உறிஞ்சினார். வாயில் வைத்துக்கொண்டு நின்றார். துப்ப மறந்துவிட்டார். அந்த மேஜையில் அவர் விழுங்கி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். பிறகு கருந்தேயிலை. அதையும் இரண்டு தடவை உறிஞ்சினார்.

"என்னம்மா?" என்றார் முதலாளி.

"வேற."

"இன்னைக்குமா இந்தப் பாட்டு?" முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள பதில் போகணும். வெளையாடறியா?"

"வெளையாடல சார். மத்த நாள்ல கொஞ்சம் வேற. இன்னிக்கு ரொம்ப வேற."

"எப்படி வேற? சொல்லு."

"சொல்லமாட்டேன். நீங்களே பாருங்க. இங்கதான் கீது."

எல்லோரும் ஜன்னல் ஓர வரிசையைப் பார்த்தார்கள். ஆறு அடி தூரம்தான். இலை மிச்சம் இல்லை. புதிதாக ஒரு வரிசை ஊற்ற வழி இல்லை. அந்த டீ என்ன என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கிண்ணங்களில்தான் ஸ்பூன் போட வேண்டும். அவற்றில் அக்கா ஸ்பூன் போட்டாகிவிட்டது.

"ஸ்பூன் போட்டுட்டேன் சார், மொதல்லயே சொல்லிடறேன்," என்றார் அக்கா. ஒரு மரியாதைக் குறைவும் இல்லாத குரல். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

முதலில் நகர்ந்தது யக்ஞநாராயணன் சார். வாசனைதான் அவரை இழுத்தது என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. மேஜையைச் சுற்றி வந்து, பொட்டு வைத்த கிண்ணத்தில் ஸ்பூனைப் போட்டு உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். கருந்தேயிலைக்குப் போனார். அவசரமாகத் துப்பவில்லை.

"தூசி மொதல் தண்ணியோட போயிடுத்து," என்றார். "பேரீச்சம்பழம் மாதிரி இருக்கு. சார், நீங்களும் வாங்கோ."

முதலாளியும் போனார். ஊலாங்கை ஒன்று, இரண்டு, மூன்று ஸ்பூன் எடுத்தார். "உருண்டை இப்பதான் பிரிஞ்சிருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நாம குடிச்சது உருண்டையக் கழுவின தண்ணி."

சம்பத் நடுவரிசைக்கு அருகிலேயே நின்றார். காது சிவந்திருந்தது. முதலாளி திரும்பிப் பார்த்ததும் செல்லியம்மாளிடம் சொன்னார்: "அதே எலைல இன்னொரு தடவை ஊத்து. எனக்கு."

செல்லியம்மாள் கெட்டிலை எடுத்தபடி அக்காவைப் பார்த்தார்.

"ஊத்துக்கா," என்றார் அக்கா. "சம்பத் சாருக்கு மூணாவது வரிசை. ஜன்னலாண்ட எடம் இல்ல, கதவு ஓரமா வையி."

செல்லியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. முதலாளி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். கதவு ஓரமாக ஒரு ஸ்டூலில் சம்பத்துக்கு மூன்று கிண்ணம் வைத்தார்கள். அவர் தனியாக நின்று உறிஞ்சினார்.

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"இருக்கும் சார். ஆனா நீங்க குடிச்சத நாங்க குடிக்கல. நாங்க இன்னா சொல்றது?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செல்வமேரி, போதும். இப்ப சொல்லு. எது நம்மால முடியும்?"

"மொதல்ல ஒரே வரிசை. அப்பால சொல்றேன்."

நான் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பத்ரிநாராயணன் சார் சம்பத்தைப் பார்க்கவில்லை. செல்லியம்மாளைப் பார்த்து, "அந்தக் கிண்ணத்தையெல்லாம் நடுவுல கொண்டாந்து வைங்கோ," என்றார். "இனிமே நடுவுலதான்."

கிண்ணங்கள் நகர்ந்தன. பீங்கான் மேஜையில் உரசும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. எல்லாம் ஒரே வரிசையில் நின்ற பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"ஊலாங் நம்ம மலைல முடியும். இந்த அளவுக்கு வாசனை வராது, பக்கத்துல வரும். குளிர்காலத்துக் கொழுந்தா இருக்கணும். கருந்தேயிலை நல்ல சரக்குதான், ஆனா நம்மால முடியாது, அத்தினி வருசம் கிடங்குல போட்டு யார் காத்திருப்பாங்க? கறுப்பு டீ..." கொஞ்சம் நிறுத்தினார். "அது எனக்குத் தெரியாது. என்னாண்ட வந்தது வெறும் சக்கை. நல்லது உங்களாண்ட போயிடுச்சு. அதுக்கு நீங்க சொன்னதுதான்."

ஃபேக்ஸ் போனது. ஹாங்காங்காரர் சின்னதாக ஒரு ஆர்டர் கொடுத்தார், அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம், பிறகு நின்றுவிட்டது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சம்பத் கொஞ்ச நாள் வந்தார். ஒரே வரிசையில் அக்காவுக்கு முன்னால் ஸ்பூன் போட்டுவிட்டு விலகிக்கொள்வார். அக்கா கவனித்துவிட்டு, தினமும் அவருக்கு முன்னாலேயே மேஜைக்கு வர ஆரம்பித்தார். கடைசியில் சம்பத் மேஜையை விட்டுவிட்டு, மிச்சமிருந்த வயலில் ஃபிளாட் கட்டும் வேலைக்குப் போய்விட்டார். இப்போதும் ரோட்டில் பார்த்தால், "நல்லாகீறியாம்மா?" என்பார். அக்காவும் நன்றாக இருப்பதாகச் சொல்வார்.

பொட்டு வைத்த கிண்ணங்களைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். அக்கா ஒரு கட்டைப்பையில் எல்லாவற்றையும் அடுக்கி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளாக இருந்தது. அக்கா ஜெயித்தாரா, அல்லது அந்த இலை அப்படிப்பட்டதாக இருந்ததால் தப்பித்தாரா? அன்று வந்தது மூன்றும் கறுப்பு டீயாக இருந்திருந்தால் இரண்டாவது தண்ணீர் வெறும் சக்கைதான். யாரும் மேஜையைச் சுற்றி வந்திருக்க மாட்டார்கள். நான் எழுதியிருக்கும் இந்தக் கதையே இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"சக்கையா இருந்தாலும் வேறன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "பேக்கிங்ல குந்திகினு சொல்லியிருப்பேன். அவ்ளோதான வித்தியாசம்?"

"அப்ப யாரும் கேட்டிருக்க மாட்டாங்களேக்கா."

"அதுக்கு நா இன்னா பண்றது? கேக்காதது அவங்க கொற."

இந்தப் பதில் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லது கையில் வந்ததால் துணிச்சல் வந்ததா, துணிச்சல் முன்னாலேயே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க நான் படித்த பாடத்தில் வழி இல்லை. ஆனால் ஜன்னல் ஓரம் போய் நின்றபோது தனக்கு வரப்போவது சக்கை என்றுதான் அக்காவும் நினைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். அவர் தலைப்பைச் செருகியதைப் பார்த்தேன்.

இரண்டு வருடம் முன்பு கம்பெனி திருமுடிவாக்கத்துக்கு மாறியது. யக்ஞநாராயணன் சார் ஓய்வு பெற்றுவிட்டதால் புது ருசி அறையை எப்படிப் போடுவது என்று அக்காவிடம்தான் கேட்டார்கள். வெளிச்சம் வடக்கிலிருந்து வர வேண்டும், தண்ணீர்க் குழாய் இங்கே, தொட்டி அங்கே என்று அக்கா சொன்னார். மேஜையை மட்டும் தாவீது வேலைசெய்யும் ஷெட்டில் செய்யச் சொன்னார். இரும்புச் சட்டம், மேலே வெள்ளைப் பீங்கான் ஓடு.

தாவீது டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். நீளம் வேண்டிய மட்டும் இருந்தது. அகலம் ஒரு முழம்கூட இல்லை.

"இன்னா மேரி இது, பெஞ்சா மேஜையா? கூட ஒரு அடி வெச்சா இன்னா? இரும்பு கெடக்குது. ஓடும் கெடக்குது."

"வேணாம்."

"போன் வெக்கக்கூட எடம் இல்லியேடி. மொதலாளி கேட்டா?"

"செவுத்துல மாட்டச் சொல்லு," என்றார் அக்கா. "ஒரு அடி கூட வெச்சா அங்க இன்னொரு வரிசை வந்து ஒக்காரும்."

தாவீது என்னைப் பார்த்தார். சாக்கட்டியால் கோடு போட்டார். அறுக்க ஆரம்பித்தார்.